பெட்ரோல் வாடை எப்போது வருகிறது? கார் எரிபொருள் கசிவைத் தேடும் முறை

காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று ஒருவர் சொன்னால், சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் மெக்கானிக் ஆகிவிடுகிறார்கள். பைப் விட்டிருக்கும் என்பார் ஒருவர். எலி கடித்திருக்கும் என்பார் இன்னொருவர். பழைய வண்டி என்றால் அப்படித்தான், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள் என்று ஆறுதல் சொல்பவரும் உண்டு. மைலேஜ் குறைந்தாலும் இதே பேச்சுதான்: எங்கேயோ லீக் ஆகிறது. கடைசியில் கார் பட்டறைக்குப் போகும். கைக்கு எட்டிய கிளிப்புகளையெல்லாம் இறுக்கி அனுப்புவார்கள். இரண்டு நாள் வாடையில்லாமல் ஓடிவிட்டு மூன்றாம் நாள் மறுபடியும் அதே பட்டறை வாசலில் வந்து நிற்கும்.

கசிவைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ‘எங்கே’ என்றே ஆரம்பிக்கிறார்கள். எரிபொருள் போகும் பாதை காரின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை நீளமானது. பாதி வண்டியின் அடியில், மீதி கையும் கண்ணும் எட்டாத மூலைகளில். அதை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பதில் பொழுதுதான் போகும். ‘எப்போது’ என்று முதலில் கேட்டால் தேட வேண்டிய இடம் தானாகச் சுருங்கிவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, டேங்க் நிரப்பிய அன்றா, ஓட்டி முடித்து நிறுத்திய பிறகா? அந்தந்த நேரத்தில் பாதையின் எந்தப் பகுதியில் அழுத்தம் ஏறுகிறது, எந்தப் பகுதி சூடாகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் பெட்ரோல் காரைப் பார்ப்போம். டீசலுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு என்பதால் அது தனியாக, பின்னால் வருகிறது.

சொட்டுவது பெட்ரோல்தானா?

கோடைக்காலத்தில் கார் நின்ற இடத்தில் ஈரத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது ஏசி தண்ணீர். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள வடிகுழாய் வழியாகச் சொட்டும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பிசுபிசுப்பாக இருந்தால் அது ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். கறுத்துத் தடித்திருந்தால் எஞ்சின் ஆயில்.

பெட்ரோல் இவற்றைப் போல் அடையாளம் விட்டுப் போகும் பொருள் அன்று. தரையில் விழுந்த சில சொட்டுகள் நிமிடங்களில் ஆவியாகிவிடும். சூடான எஞ்சின் மேல் விழுந்தால் தரைவரைகூட வராது. இரவு காருக்கு அடியில் அட்டையை விரித்துவைத்துக் காலையில் பார்க்கும் பழைய முறை ஆயிலுக்கும் கூலன்ட்டுக்கும் நன்றாகப் பொருந்தும். பெட்ரோலுக்கு அதை நம்ப முடியாது. அட்டை காய்ந்திருக்கிறது என்பதால் கசிவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இங்கே மூக்குதான் நம்பகமான கருவி. ஒரே இடத்தில் நின்று முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கும் பழகிப்போகும். அதனால் வெளியே போய் நல்ல காற்றை வாங்கிவிட்டு வந்து மறுபடி முகர வேண்டும்.

மைலேஜ் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 40 கிலோமீட்டர் ஓட இரண்டரை லிட்டர் குடிக்கும். கசிவால் மைலேஜ் பத்து சதவீதம் குறைந்தது என்றால் அந்தத் தூரத்துக்குள் கால் லிட்டர் பெட்ரோல் வெளியே கொட்டியிருக்க வேண்டும். அவ்வளவு கொட்டினால் காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. வாடையே இல்லாமல் மைலேஜ் மட்டும் குறைகிறதென்றால் டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, சென்சார் கோளாறு என்று பார்க்கத் தொடங்குவதே சரி. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: பெட்ரோல் எஞ்சினுக்கு உள்ளேயே கசிவது. அதைப் பிறகு பார்ப்போம்.

கிணற்று மோட்டாரும் காரும்

வீட்டுக் கிணற்றில் மோட்டார் போட்டவர்களுக்குக் காரின் எரிபொருள் பாதையைப் புரிந்துகொள்வது சுலபம். கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் ஃபுட் வால்வு, மேலே மோட்டார், அங்கிருந்து வீட்டுக்கு வரும் குழாய், கடைசியில் தண்ணீரைத் திறந்துவிடும் டேப். இதில் ஓட்டை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து வரும் தொல்லையே வேறு.

மோட்டாருக்கும் வீட்டுக்கும் நடுவே ஓட்டை என்றால் தண்ணீர் பீய்ச்சும், அதுவும் மோட்டார் ஓடும்போது மட்டும். நிறுத்திவிட்டால் அந்த ஓட்டை இருப்பதே தெரியாது. உறிஞ்சு குழாயில் ஓட்டை என்றால் ஒரு சொட்டும் வெளியே வராது; குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், மோட்டார் வெறுமனே சுற்றும், தண்ணீர் ஏறாது. ஃபுட் வால்வு சரியாக மூடவில்லையென்றால் இரவில் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். காலையில் குடத்தில் தண்ணீர் ஊற்றினால்தான் மோட்டார் தண்ணீரைப் பிடிக்கும்.

காரிலும் இதே உறுப்புகள்தான், பெயர் மட்டும் வேறு. பெட்ரோலைத் தள்ளும் மின்சாரப் பம்ப் இன்றைய கார்களில் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் இறக்குவது போன்ற ஏற்பாடு. அங்கிருந்து ஒரு குழாய் வண்டியின் அடி வழியாக எஞ்சினுக்கு வருகிறது. எஞ்சின் மேல் அது ஃபியூவல் ரெயிலில் முடிகிறது. ரெயில் என்பது பெட்ரோலை அழுத்தத்தோடு நிறுத்திவைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக்கொடுக்கும் ஒரு தடித்த குழாய். அதில் செருகியிருக்கும் இன்ஜெக்டர்கள்தான் டேப்கள். மின்சாரம் வரும்போது நொடியின் சிறு பகுதி நேரம் திறந்து பெட்ரோலைத் தூவிவிட்டு மூடிக்கொள்ளும். பம்பிலிருந்து போன பெட்ரோல் திரும்பி வராமல் தடுப்பது செக் வால்வு. இது கிணற்று ஃபுட் வால்வின் வேலையைச் செய்கிறது.

இன்ஜெக்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் என்ற உறுப்பு இருந்த பழைய கார்களில் நிலைமை வேறாக இருந்தது. அம்பாசடர், பத்மினி, தொடக்க கால மாருதி 800 ஆகியவற்றில் பம்ப் எஞ்சின் பக்கத்தில் இருந்து, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. வண்டியின் அடியில் ஓடிய நீண்ட குழாய் முழுவதும் உறிஞ்சு பக்கம். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது இந்தியாவில் இன்ஜெக்டர் கார்கள் பரவின. அதே நீண்ட குழாய் அழுத்தப் பக்கமாக மாறியது. பழைய கார்களில் பழகிய கைகள் புதிய கார்களிலும் ‘லேசாகத்தானே கசிகிறது’ என்று அலட்சியமாக இருந்துவிடுவதற்கு இந்த மாற்றம் மனத்தில் பதியாததே காரணம் என்று நினைக்கிறேன்.

இதுவரை பார்த்ததன் சாரம்: அழுத்தம் உள்ள இடத்தில் ஓட்டை விழுந்தால் எரிபொருள் வெளியே வரும், உறிஞ்சும் இடத்தில் விழுந்தால் காற்று உள்ளே போகும்.

டயரைவிட அதிக அழுத்தம்

அழுத்தத்தைப் பார் என்ற அளவில் சொல்வார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். கார் டயரில் நாம் அடிக்கும் 32 பவுண்டு காற்று 2.2 பார். சாதாரண இன்ஜெக்டர் காரின் பெட்ரோல் குழாயில் இருப்பது 3 முதல் 4 பார் வரை. கார்புரேட்டர் காலத்தில் அது அரை பாரைக்கூடத் தொட்டதில்லை. சிலிண்டருக்குள் நேராகத் தூவும் புதுவகை பெட்ரோல் எஞ்சின்களில் இரண்டாவதாக ஓர் உயர் அழுத்தப் பம்பும் உண்டு. அதற்கு அப்பால் நூறு பாருக்கு மேல் போகும். அந்தப் பகுதியில் வீட்டுக்காரர் கைவைக்க வேண்டாம்.

இந்த அழுத்தத்தின் கணக்கை ஓர் இன்ஜெக்டரைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். விரல் நீளம்தான் இருக்கும். மேல் முனையில் ஒரு ரப்பர் வளையம், கீழ் முனையில் ஒரு ரப்பர் வளையம்; இவற்றை ஓரிங் என்பார்கள். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி. மேல் வளையம் ரெயிலுக்குள் உட்காருகிறது. அதன் வேலை மூன்று பார் பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது. அது கெட்டால் பெட்ரோல் வெளியே கசிந்து எஞ்சின் மேல் இறங்கும். கீழ் வளையம் எஞ்சின் காற்றை இழுக்கும் மேனிஃபோல்டில் உட்காருகிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அது கெட்டால் வாடையும் வராது, சொட்டும் வராது. வெளிக்காற்று உள்ளே புகுந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐடில் நிலையில் நடுங்கும். ஒரே உறுப்பு, ஒரே ரப்பர், இரண்டு அங்குல இடைவெளி. நோய்க்குறிகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

வாடை வரும் நேரம்

காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது வாடை அடித்து, பத்து நிமிடத்தில் காணாமல் போகிறதா? வயதான ஓரிங்குகளையும் ரப்பர் ஹோஸ்களையும் முதலில் சந்தேகிக்கலாம். குளிரில் ரப்பர் சுருங்கி இறுகிக்கிடக்கும். அதே நேரத்தில் பம்ப் முழு அழுத்தத்தைக் கொடுக்கிறது. எஞ்சின் சூடானதும் ரப்பர் விரிந்து ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். பட்டறைக்கு வண்டி வந்துசேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடுவதால் அங்கே எதுவும் அகப்படாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து வண்டிகளிலும், சமவெளியில் மார்கழி விடியற்காலையிலும் இந்த ரகக் கசிவு தலைகாட்டும். இதற்கு ஒரே வழி, இரவு வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு காலையில் குளிர்ந்த எஞ்சினோடு பார்க்கச் சொல்வது.

ஓட்டி முடித்து நிறுத்திய கால் மணி நேரத்துக்குள் வாடை வந்தால் கதை வேறு. எஞ்சின் நின்றதும் குளிர்ந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கூலன்ட் ஓட்டமும் எதிர்க்காற்றும் நின்றுபோவதால் பானெட்டுக்குள் வெப்பம் சிறிது நேரத்துக்கு ஏறத்தான் செய்யும். செக் வால்வுக்கும் மூடிய இன்ஜெக்டர்களுக்கும் நடுவே சிறைப்பட்ட பெட்ரோல் சூடாகி விரிந்து அழுத்தத்தைக் கூட்டும். ஓடும்போது தாக்குப்பிடித்த பலவீனமான இணைப்பு இப்போது விட்டுக்கொடுக்கும். ஓடும்போது காற்றில் பறந்துபோன ஆவியும் இப்போது அப்படியே தேங்கும். ஆக, ரெயிலையும் அதை ஒட்டிய இணைப்புகளையும் பாருங்கள்.

டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாடை வருகிறதென்றால் எஞ்சின் பக்கம் போகவே வேண்டாம். டேங்கின் மேல்புறத்தில்தான் பம்பை உள்ளே இறக்கி மூடியிருக்கிறார்கள். பல கார்களில் பின்சீட்டு மெத்தையைத் தூக்கினால் ஒரு வட்டத் தகடு தெரியும்; அதற்குக் கீழே பம்பின் தலை, அதைச் சுற்றி ஒரு பெரிய ரப்பர் சீல். டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது அந்தச் சீலைப் பெட்ரோல் தொடுவதில்லை. நிரம்பியிருந்தால், அதுவும் வளைவில் திரும்பும்போது, பெட்ரோல் அங்கே போய் மோதும். தகட்டைத் திறந்தால் காய்ந்த தூசிக்கு நடுவே சீலைச் சுற்றி மட்டும் ஈரம் கறையாக வளையமிட்டிருக்கும். பெட்ரோல் போடும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நிரப்பியதும் வரும் வாடைக்கு இன்னொரு காரணம் நம் ‘ரவுண்டாகப் போடுங்கள்’ பழக்கம். டேங்கில் உருவாகும் ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைக்க இன்றைய பெட்ரோல் கார்களில் கேனிஸ்டர் உண்டு. அது உள்ளே கரித்துண்டுகள் நிரம்பிய டப்பா. கரி ஆவியை உறிஞ்சிவைத்து, ஓடும்போது எஞ்சினுக்குக் கொடுக்கும். ஆவியைத் தாங்கும் கரி திரவத்தைத் தாங்காது. நாசில் தானாக நின்ற பிறகும் ரூபாய்க் கணக்கை முழு எண்ணாக்க மறுபடி மறுபடி அமுக்கினால் பெட்ரோல் ஆவிக்குழாய்க்குள் ஏறிக் கரியை நனைத்துவிடலாம். இது எங்கும் ஓட்டை விழாமலே வரும் வாடை.

காருக்குள் மட்டும் வாடை தெரிந்தால் ஏசியின் காற்றுப் பொத்தான் உதவும். வெளிக்காற்று முன்கண்ணாடியின் அடியில், பானெட்டின் பின்விளிம்பை ஒட்டி உள்ளே வருகிறது. வெளிக்காற்று நிலையில் வாடை வந்து, உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றியதும் குறைந்தால் எஞ்சின் பக்கம். எந்த நிலையிலும் மாறாமல், பின்சீட்டில் இருப்பவருக்கு அதிகமாகத் தெரிந்தால் டேங்க் பக்கம்.

சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள் வாடை வந்தால் நோய்க்குறியை ஆராயவே தேவையில்லை. கடைசியாகக் கழற்றி மாட்டிய இடத்துக்கு நேராகப் போங்கள். ஃபில்டர் மாற்றியபோது கிளிக் என்று உட்காராத ஒரு பிளாஸ்டிக் இணைப்போ, மடங்கிய ஓரிங்கோ அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

கைவைப்பதற்கு முன்

பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும். எனவே தேடும் வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். கீழ்த்தளப் பார்க்கிங்கிலோ பட்டறைக் குழியிலோ வேண்டாம். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். வயர் இழுத்துக் கட்டிய குண்டு பல்பு கூடாது. எல்இடி டார்ச்சைத் தள்ளி நின்று எரியவைத்துவிட்டுக் கிட்டே கொண்டுபோங்கள். பக்கத்தில் உலர் பொடித் தீயணைப்பான் இருக்கட்டும். வாளித் தண்ணீர் பெட்ரோல் தீயைப் பரப்பத்தான் செய்யும்.

தரையில் பெட்ரோல் தேங்கியிருந்தாலோ, கண்ணெதிரே சொட்டிக்கொண்டிருந்தாலோ இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்கானது அன்று. சாவியைத் திருப்பாதீர்கள், பேட்டரி வயரையும் கழற்றாதீர்கள். கழற்றும்போது வரும் சிறு பொறியும் பொறிதான். விலகி நின்று, வண்டியை ஏற்றிப்போக ஆளை அழையுங்கள்.

எஞ்சினை ஓட்டாமலே பார்ப்பது

சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் ‘ஆன்’ நிலையில் நிறுத்தினால், பல கார்களில் பின்சீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடிகளுக்கு ‘ஙொய்’ என்று ஒரு மெல்லிய ஒலி கேட்கும். பம்ப் ஓடிக் குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கிறது. பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்த வேண்டும். நாலைந்து முறை அணைத்து அணைத்துப் போட்டால் குழாயில் முழு அழுத்தம் வந்துவிடும். எஞ்சின் ஓடாததால் வெப்பமில்லை, விசிறி இல்லை, சுழலும் பெல்ட் இல்லை. கசிவைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒருவர் சாவியைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் டார்ச்சோடு நிற்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன் ரெயில், இணைப்புகள், ஹோஸ் முனைகள் எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். துடைப்பதற்கும் முன்பே ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. பெட்ரோல் அழுக்கைக் கரைத்துக் கழுவிவிட்டுப் போகும். எஞ்சின் முழுவதும் தூசியும் ஆயில் பிசுக்கும் படிந்திருக்க, ஓர் இடத்தில் மட்டும் கோடு போட்டாற்போல் பளிச்சென்று இருந்தால் அந்தச் சுத்தம்தான் சந்தேகத்துக்குரியது. பிறகு காய்ந்த இணைப்புகள் மேல் முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். ஈரம் பட்ட இடத்தில் வெள்ளைப் பவுடர் உடனே நிறம் மாறும். பின்பக்கம் தெரியாத இணைப்புகளுக்குச் சிறு கண்ணாடி ஒன்றைக் காட்டிப் பாருங்கள்.

ஈரத்தைக் கண்டதும் அங்கேயே ஓட்டை என்று முடிவு செய்துவிடக் கூடாது. திரவம் குழாயின் அடிப்பக்கமாக ஓடி, அது தாழும் இடத்தில்தான் சொட்டும். ஓடும் காரில் எதிர்க்காற்று அதை இன்னும் பின்னுக்குத் தள்ளியிருக்கும். ஈரத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போங்கள். எந்த இடத்துக்கு மேல் காய்ந்திருக்கிறதோ அதுதான் ஊற்று. இப்படியும் அகப்படாத கசிவுகளுக்குப் பட்டறைகளில் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைப் பெட்ரோலில் கலந்து பார்ப்பார்கள். ஆவிக்குழாய்களில் திரவமே இல்லாததால் அவற்றுக்குப் புகையை ஊதி, எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள்.

சுருக்கமாக: வாடையின் நேரத்தை வைத்துப் பகுதியைத் தீர்மானியுங்கள், எஞ்சினை ஓட்டாமல் அழுத்தத்தை ஏற்றுங்கள், ஈரத்தின் மேல் எல்லையைத் தேடுங்கள்.

வெளியே வராத கசிவு

சில கசிவுகளில் மூக்குக்கும் டார்ச்சுக்கும் வேலையில்லை. இரவு முழுக்க நின்ற கார் காலையில் நீண்ட நேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகிறது. ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்க ஒழுங்காக இருக்கிறது. ரெயிலில் நிற்க வேண்டிய அழுத்தம் இரவில் எங்கோ வடிந்துபோயிருக்கிறது. செக் வால்வு வழியாக டேங்குக்கே திரும்பியிருந்தால் ஆபத்தில்லை, எரிச்சல் மட்டும்தான். சரியாக மூடாத இன்ஜெக்டர் வழியாகச் சிலிண்டர் பக்கம் சொட்டியிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கரும்புகை வரும். மெக்கானிக் ரெயிலில் ஒரு மீட்டரை மாட்டி, அழுத்தம் இறங்கும் வேகத்தைப் பார்த்து, பம்பிலிருந்து வரும் வழியை அடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். அடைத்த பிறகு இறக்கம் நின்றால் பம்பின் வால்வு, நிற்கவில்லையென்றால் இன்ஜெக்டர். வாடை வரவில்லை என்பதற்காக இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஏனென்றால் சிலிண்டருக்குள் சொட்டும் பெட்ரோல் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் ஸ்டிக்கை வெளியே இழுத்துப் பாருங்கள். அளவு குறைய வேண்டிய ஆயில் கூடியிருக்கிறதா? விரலில் தேய்த்தால் தண்ணீராக ஓடுகிறதா? முகர்ந்தால் பெட்ரோல் மணக்கிறதா? அப்படியானால் அந்த எஞ்சினை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதே கோளாறு பம்புக்குள் இருக்கும் ரப்பர் ஜவ்வு கிழிவதால் வரும்.

எஞ்சின் மேலேயே அழுத்த ரெகுலேட்டர் வைத்திருக்கும் சில பழைய இன்ஜெக்டர் கார்களில் இன்னொன்றைப் பார்க்கலாம். ரெகுலேட்டர் என்பது ரெயிலில் அழுத்தம் அளவுக்கு மீறாமல் காக்கும் சிறு டப்பா. அதிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு மெல்லிய காற்றுக்குழாய் போகும். அதைக் கழற்றினால் உள்ளே காற்றுதான் இருக்க வேண்டும். ஒரு சொட்டு பெட்ரோல் இருந்தாலும் உள்ளிருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது. எஞ்சின் அந்த வழியாகக் கணக்கில்லாத பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மேலே விதிவிலக்கு என்று சொன்னது இதைத்தான்: இங்கே மைலேஜும் உண்மையிலேயே விழும்.

டீசல் கார்

டீசல் எளிதில் ஆவியாகாது, ஒழுகிய இடத்தில் ஈரமாகவே நின்று தூசியைச் சேர்த்துக் கறுப்புச் சேறாகும். பெட்ரோல் கழுவிவிட்டுப் போகும், டீசல் அழுக்கைக் கூட்டிக்கொள்ளும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது டீசலில் எளிது.

பல டீசல் கார்களில் எஞ்சின் பக்கத்துப் பம்ப் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சு பக்கத்தில் விரிசல் விழுந்தால் சொட்டு வராது, காற்று போகும். ‘ஏர் எடுக்கிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். காலையில் கை பம்பை அமுக்கி அமுக்கி ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். ஃபில்டருக்குப் பின்னால் சிறிது நேரத்துக்கு ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டினால் குமிழிகள் ஓடுவது தெரியும். குமிழி வந்தால் அதற்கு முன்னுள்ள இணைப்புகள். தெளிவாக ஓடினால் வேறு இடம்.

இன்ஜெக்டர்கள் பயன்படுத்தாமல் மிச்சம் வைக்கும் டீசலைத் திரும்ப எடுத்துப்போகும் பென்சில் பருமன் ரிட்டர்ன் குழாய்கள் எஞ்சின் தலைமேலேயே கிடந்து வெந்து வெடிக்கும். இது அடிக்கடி வரும், விலையும் குறைவு.

பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்கள் மட்டும் தனி ரகம். இன்றைய டீசல் எஞ்சின்களில் அவற்றில் ஆயிரம் பாருக்கு மேல், சிலவற்றில் இரண்டாயிரம் வரை அழுத்தம் உண்டு. ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் டீசல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீற்று. தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்களைக் கையால் தடவிப் பார்ப்பது கூடவே கூடாது. நீளமான அட்டைத் துண்டைத்தான் காட்ட வேண்டும். தவறி அடித்துவிட்டால், காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் உடம்பில் ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். கட்டுப்போட்டு அனுப்பும் காயம் அன்று அது.

எலி, எத்தனால், இறுகிய கிளிப்

எலியை எல்லோரும் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. மழைக்காலத்தில் எஞ்சினின் கதகதப்பைத் தேடி வரும் எலி ரப்பர் ஹோஸையும் நைலான் குழாயையும் கடிக்கும். ஆனால் எலி சாட்சியம் விட்டுச் செல்லும் பிராணி. குழாயின் மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு பள்ளங்கள், கீழே கொறித்த துகள், புழுக்கை. இவை எதுவும் இல்லாமல் எலிமேல் பழிபோட வேண்டாம்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் பேச்சு பலமாக இருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் பத்து சதவீதத்தையும் 2025இல் இருபது சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் சில பழைய ரப்பர் வகைகளை ஊறவைத்து நாளடைவில் தளர்த்தும் என்பது உண்மை. அண்மைக் கால கார்களின் ரப்பர்கள் அதைத் தாங்கும் வகையில் செய்யப்படுகின்றன. பழைய கார் வைத்திருப்பவர்கள் பயந்துகொண்டிருப்பதைவிட ஹோஸ்களை ஒருமுறை வளைத்துப் பார்ப்பது மேல். வளைத்த இடத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, விரலால் அமுக்கினால் ஊறிய அப்பளம் போல் குழைந்தாலோ மாற்றிவிடுங்கள்.

கிளிப்பை இறுக்குவது எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. பற்கள் வெட்டிய சாதாரணத் திருகு கிளிப்பை மேலும் மேலும் இறுக்கினால் அதுவே ரப்பரை அறுக்கும். கசியும் ஹோஸின் நுனியை வெட்டிவிட்டு மீண்டும் மாட்டுவதும் ஒட்டுவேலைதான். நுனி கெட்டிருந்தால் நடுவும் அதே வயதுதான். டேங்கில் விழுந்த பொத்தலில் துணி சோப்பைத் தேய்த்து வண்டியைப் பட்டறைவரை ஓட்டிவரும் லாரிக்காரர் வித்தை பலருக்குத் தெரியும். டேங்கில் பெரிய அழுத்தம் இல்லாததால் அங்கே அது சிறிது நேரம் நிற்கிறது. மூன்று பார் ஓடும் குழாயில் சோப்பும் நிற்காது, பசையும் நிற்காது. ஹோஸ் வாங்கும்போதும் கடைக்காரரிடம் இன்ஜெக்டர் வண்டிக்கு என்று சொல்லிக் கேளுங்கள். கார்புரேட்டர் காலத்து ஹோஸ் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை. ஒருமுறை கழற்றிய ஓரிங்கையும் டீசல் இணைப்புகளின் செம்பு வாஷரையும் மறுபடி போடாமல் புதிது போடச் சொல்லுங்கள். விலை அற்பம்.

சரிசெய்த பிறகு

வேலை முடிந்ததும் எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யாமல் சாவியை நாலைந்து முறை ‘ஆன்’ செய்து, மாற்றிய இணைப்பைப் பவுடர் தூவிப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஒருமுறை, ஓட்டிவந்து நிறுத்திய கால் மணி நேரம் கழித்து ஒருமுறை. காலைக் குளிரில் வந்த கசிவு என்றால் மறுநாள் காலையிலும், டேங்க் நிரம்பியபோது வந்தது என்றால் அடுத்த முறை நிரப்பிய பிறகும் பார்த்தால்தான் கணக்கு தீரும். பானெட்டின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் படலமும் பின்சீட்டுக்கு அடியில் விரித்திருக்கும் கம்பளமும் பழைய பெட்ரோலைக் குடித்து வைத்திருக்கும். கசிவு நின்ற பிறகும் ஓரிரு நாள் லேசாக மணப்பது அதனால்தான். கதவுகளைத் திறந்து வெயிலில் நிறுத்துங்கள். நாளுக்கு நாள் வாடை குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் நின்றாலோ, பழையபடி ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வந்து போனாலோ, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போங்கள்.